டயலைத் திருப்புகிறவர் ஒருவர், படிக்கிறவர் இன்னொருவர்

கண் அழுத்தத்தைக் குறைக்கும் புதுச் சொட்டு மருந்து ஒன்றைச் சோதித்த ட்ரையலில் கொஞ்ச காலம் வேலை பார்த்தேன். என் வேலை என்ன என்று சொன்னால் பலருக்குச் சிரிப்பு வரும். டாக்டர் ஒரு டயலைத் திருப்புவார். அதில் எந்த எண் வந்து நிற்கிறது என்று நான் பார்த்து எழுதுவேன். அளக்கும்போது அவர் எண்ணைப் பார்க்கக் கூடாது, நான் டயலைத் தொடக் கூடாது.

இத்தனை படித்தவருக்கு ஒரு எண்ணை வாசிக்க இன்னொரு ஆள் எதற்கு? கோல்ட்மான் டோனோமீட்டரைப் பார்த்தவர்களுக்கு விடை தெரியும். 1950-களில் ஹான்ஸ் கோல்ட்மான் உருவாக்கிய கருவி அது. கண் அழுத்தத்தை அளப்பதில் இன்றைக்கும் மற்றக் கருவிகளை அதோடுதான் ஒப்பிடுகிறார்கள். நோயாளி ஸ்லிட் லேம்பில், அதாவது கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் கருவியில், தாடையை வைத்துக்கொள்வார். கண் மரத்துப்போக ஒரு சொட்டு, கூடவே மஞ்சள் சாயம். நீல வெளிச்சத்தில் கருவியின் முனை கருவிழியைத் தொட்டதும் டாக்டருக்கு இரண்டு பச்சை அரை வட்டங்கள் தெரியும். அவற்றின் உள்விளிம்புகள் ஒன்றையொன்று தொடும் வரை டயலைத் திருப்ப வேண்டும். தொட்டுவிட்டதா, இன்னும் ஒரு மயிரிழை பாக்கியா என்பது முழுக்க அவர் கண் செய்யும் முடிவு. அழுத்தத்தை மி.மீ. பாதரசத்தில் சொல்வார்கள், டயலிலோ இரண்டு மி.மீ.க்கு ஒரு கோடுதான். 18-க்கும் 20-க்கும் நடுவில் நிற்கும்போது, புது மருந்து ஜெயிக்க வேண்டும் என்ற ஆசை மனதின் ஓரத்தில் கொஞ்சம் இருந்தாலும் போதும், கை 18 பக்கம் போய்விடும். இதில் பொய் எதுவும் இல்லை. மனிதக் கை அப்படித்தான். அதனால்தான் ஒருவர் திருப்ப, இன்னொருவர் படிக்கிறார். இரண்டு முறை அளப்பார்கள். இரண்டுக்கும் இடையே 2 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாவது முறை.

ட்ரையல் என்றதும் பெரிய ஆய்வுக்கூடமும் கண்ணாடிக் குழாய்களும் நினைவுக்கு வரலாம். நான் பார்த்தது பெரும்பாலும் இந்த மாதிரிச் சந்தேகங்களையும், அவற்றை அடைக்கப் போட்ட விதிகளையும்தான். போகப் போக எனக்கு அந்த விதிகள் மீது மரியாதை வந்தது. அந்த எண்ணின் மீது இருந்த மரியாதை கொஞ்சம் குறைந்தது.

கண்ணுக்குள் ஒரு தெளிந்த நீர் நிமிடத்துக்கு இரண்டு, இரண்டரை மைக்ரோலிட்டர் அளவில் சுரந்துகொண்டே இருக்கிறது. வெளியே வடியும் கண்ணீர் வேறு, இது வேறு. கருவிழியின் முன்பக்கத் தெளிந்த படலத்துக்கும் (கார்னியா) அதன் பின்னுள்ள நிறப் படலத்துக்கும் (ஐரிஸ்) இடையிலுள்ள மூலையில் ஒரு வலைத்திசு வழியாக அது வடிகிறது. வடிவது குறைந்தால் அழுத்தம் ஏறும். வழக்கமான அளவு 10 முதல் 21 மி.மீ. பாதரசம் என்பார்கள். ஏறியது பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. வலி இல்லை, சிவப்பு இல்லை. பார்வை நரம்பு மெல்லச் செத்துக்கொண்டு வரும், பார்வை பெரும்பாலும் ஓரத்திலிருந்து குறையும். போன பார்வை திரும்பாது. இந்த நோய்க்குத்தான் கிளாக்கோமா என்று பெயர். அழுத்தம் 21-க்குள் இருந்தும் நரம்பு பழுதாகிறவர்கள் உண்டு, 26 இருந்தும் பல ஆண்டுகள் ஒன்றும் ஆகாதவர்களும் உண்டு. இருந்தாலும் நம்மால் குறைக்க முடிந்தது என்று உறுதியாகத் தெரிந்த ஒரே விஷயம் அழுத்தம்தான். ஆகவே ட்ரையலும் அதையே அளக்கிறது.

அந்த எண் ஒரு இடத்தில் நிற்பதே இல்லை என்பதுதான் தொல்லை. பலருக்குக் காலையில் அதிகம். படுத்தால் ஏறும். மூச்சை அடக்கினாலும், இமையை இறுக்கினாலும், சட்டைக் கழுத்து இறுக்கமாக இருந்தாலும் ஏறும். கருவிழி மெல்லியதாக இருப்பவர்களுக்குக் கருவி உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். இதனால்தான் இத்தகைய ட்ரையல்களில் காலை 8 மணி, 10 மணி, மாலை 4 மணி என்று ஒரே நாளில் மூன்று முறை அளக்கிறார்கள். காலை 8 மணி அளவு முடிந்த பிறகுதான் அன்றைய காலைச் சொட்டு. முந்தைய சொட்டின் பலம் தேய்ந்த நேரத்தில் மருந்து எப்படித் தாங்குகிறது என்று பார்க்கத்தான் அப்படி. சேர்ந்தவர்களில் பலருக்கு இது பெரிய எரிச்சல். ஒரு முழு நாள் நாற்காலியில் போய்விடும்.

இதைவிடக் கடினம் மருந்தை நிறுத்துவது. ட்ரையலில் சேருகிறவர் ஏற்கனவே ஏதாவது சொட்டு விட்டுக்கொண்டிருப்பார். அதன் வேலை உடம்பிலிருந்து முழுக்க விலகினால்தான் புது மருந்தின் கணக்கு சுத்தமாக இருக்கும். இதை வாஷ் அவுட் என்பார்கள். லேட்டனோப்ராஸ்ட், டிமோலால் வகைகளுக்கு வழக்கமாக நான்கு வாரம், பிரிமோனிடினுக்கு இரண்டு வாரம், டார்சோலமைடுக்கு ஐந்து நாள்.

“ஒரு நாள்கூட விடாமப் போடணும்னு இத்தனை வருஷமா சொன்னீங்க. இப்ப நீங்களே நிறுத்தச் சொல்றீங்களே, கண்ணு?” என்று ஒரு அம்மா கேட்டார்.

“நடுவுல ஒரு தடவை கூப்பிட்டு அழுத்தம் பார்ப்போம்மா. ரொம்ப ஏறியிருந்தா அன்னைக்கே பழைய மருந்துக்குப் போயிடலாம்.”

“ஏறினது எனக்குத் தெரியாதே?”

“தெரியாதும்மா. அதுக்குத்தான் கூப்பிடுறோம்.”

அவர் கேட்டது சரியான கேள்வி. பார்வைப் புலம், அதாவது கண்ணை அசைக்காமல் சுற்றிலும் தெரியும் பரப்பு, ஏற்கனவே மோசமாகக் குறைந்தவர்களை இந்த ட்ரையல்களில் சேர்ப்பதே இல்லை. அவர்களுக்கு நான்கு வாரம் என்பது விளையாட்டில்லை. அழுத்தம் மிக அதிகமாக இருப்பவர்களையும் விலக்கிவிடுவார்கள். விளைவு, புது மருந்து யாரிடம் சோதிக்கப்படுகிறதோ அவர்கள் நோயின் மிதமான கட்டத்தில் இருப்பவர்கள். நாளைக்கு அதே மருந்தை அதிகம் நம்பப் போகிறவர் நோய் முற்றியவராக இருக்கலாம். இந்த இடைவெளி நியாயமானதுதான், ஆனால் விளம்பரத்தில் தெரியாது.

இன்னொரு பொறியும் இருக்கிறது. சேர்க்கும்போது அழுத்தம் குறைந்தது இவ்வளவு இருக்க வேண்டும் என்று ஒரு வாசல் வைக்கிறார்கள். அன்றைக்குத் தற்செயலாக ஏறியிருந்தவர்களும் அந்த வாசலில் நுழைந்துவிடுவார்கள். அடுத்த முறை அளந்தால், ஒன்றுமே செய்யாவிட்டாலும் குறைந்திருக்கும். ஒரு பரீட்சையில் வகுப்பிலேயே அதிக மதிப்பெண் வாங்கிய பத்துப் பேரை எடுத்து அடுத்த பரீட்சையில் பாருங்கள், சராசரி கொஞ்சம் இறங்கியிருக்கும், யாரும் மக்காகிவிடவில்லை. இதற்காகத்தான் தகுதி பார்ப்பதையே வெவ்வேறு நாட்களில் இரண்டு முறை செய்கிறார்கள், ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழுவும் வைக்கிறார்கள். “இந்தச் சொட்டு என் அழுத்தத்தை 3 குறைத்தது” என்று யாராவது சொன்னால், அதில் மருந்துக்கு எவ்வளவு, தற்செயலுக்கு எவ்வளவு என்று ஒரே ஒருவரை வைத்துச் சொல்ல முடியாது.

அந்த இன்னொரு குழுவுக்கு என்ன கொடுப்பது? மருந்தே இல்லாத சொட்டைக் கொடுத்துப் பார்வை போக விடக் கூடாது. ஆகவே வழக்கமாக ஒப்பீட்டுக்குப் பழைய மருந்து, பெரும்பாலும் டிமோலால். அமெரிக்காவில் 1978-இல் அனுமதி கிடைத்த மருந்து அது. அதற்குப் பின் வந்த சொட்டுகளில் பல அதன் எதிரில் நின்றுதான் தேறியிருக்கின்றன. தேறுவது என்றால் ஜெயிக்க வேண்டியதில்லை, “பெரிதாகத் தோற்கவில்லை” என்று காட்டினால் போதும். இரண்டு குழுக்களின் சராசரி வித்தியாசத்தை எடுத்து, அதன் 95 சதவீத நம்பக எல்லை (உண்மை வித்தியாசம் அதிகபட்சம் இவ்வளவு இருக்கலாம் என்ற கணக்கு) அளந்த எல்லா நேரத்திலும் 1.5 மி.மீ.க்குள்ளும், பாதிக்கு மேற்பட்ட நேரங்களில் 1 மி.மீ.க்குள்ளும் இருக்க வேண்டும். வழக்கமாக வைக்கும் கோடு இதுதான்.

இந்த 1.5 என்னை ரொம்ப நாள் உறுத்தியது. ஸ்வீடனில் நடந்த ஒரு நீண்ட ஆய்வு, ஆரம்ப நிலை கிளாக்கோமாக்காரர்களில் அழுத்தம் 1 மி.மீ. குறைந்தால் நோய் முற்றும் அபாயம் சுமார் 10 சதவீதம் குறைகிறது என்று கண்டது. கண் மருத்துவர்கள் அதிகம் மேற்கோள் காட்டும் எண்களில் அது ஒன்று. ஒரு பக்கம் ஒவ்வொரு மி.மீ.யும் முக்கியம் என்கிறோம், மறு பக்கம் ஒன்றரை மி.மீ. வரை மன்னிக்கிறோம். இரண்டையும் ஒரே மூச்சில் எப்படிச் சொல்வது? அப்புறம் கொஞ்சம் சமாதானம் ஆனேன். 1.5 என்பது சந்தேகத்தின் வெளி எல்லை. அளந்து கிடைத்த சராசரி வித்தியாசம் அதைவிடச் சின்னதாகத்தான் இருந்தாக வேண்டும். அதைவிட முக்கியமான காரணம், புது மருந்து பழையதைவிடக் கொஞ்சம் மெலிந்ததாக இருந்தாலும் வேறு வழியில் வேலை செய்கிறது என்றால் அதற்கு ஒரு பயன் உண்டு. கண் அழுத்தம் அதிகமுள்ளவர்களை அமெரிக்காவில் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்த பெரிய ஆய்வில், மருந்து எடுத்த குழுவில் ஐந்து ஆண்டு முடிவில் சுமார் 40 சதவீதம் பேருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட மருந்து தேவைப்பட்டது. ஒரு சொட்டு எல்லோருக்கும் போதுவதில்லை. டிமோலாலுக்கே ஒரு ஓட்டை உண்டு: அது நீர் சுரப்பைக் குறைக்கும் மருந்து, தூக்கத்தில் சுரப்பு தானாகவே குறைந்துவிடுவதால் இரவில் அதற்கு வேலை அதிகம் இல்லை.

நெட்டார்சுடில் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். வடிகால் வலைத்திசுவையே இளக்கி வேலை செய்யும் மருந்து, அந்த வகையில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் சொட்டு. முதல் பெரிய ட்ரையலில் தொடக்க அழுத்தம் 27-க்குக் கீழ் இருந்தவர்களை வைத்துப் பார்த்தார்கள். டிமோலாலுக்கு எதிராக அந்தக் கோட்டைத் தாண்டவில்லை. ஆனால் 25-க்குக் கீழ் இருந்தவர்களை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்த்தால் தாண்டியிருந்தது. ஓடிக்கொண்டிருந்த இரண்டாவது ட்ரையலில், முடிவு திறக்கப்படுவதற்கு முன்பே, முக்கிய அளவுகோலை 25-க்கு மாற்றினார்கள். அதில் தேறியது. 2017 டிசம்பரில் அனுமதி கிடைத்தது. இதைக் கேட்டு “கோலை நகர்த்திவிட்டார்கள்” என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. எனக்கு அந்தச் சுளிப்பு பாதிதான் வருகிறது. முடிவைப் பார்த்த பிறகு அதே ட்ரையலின் கோட்டை மாற்றினால் அது ஏமாற்று. ஒரு ட்ரையலில் கண்டதை வைத்து, இன்னும் மூடியிருக்கிற இன்னொரு ட்ரையலில் பந்தயம் கட்டுவது அறிவியலில் செய்யக்கூடியதுதான். தொடக்க அழுத்தம் அதிகம் இருப்பவர்களிடம் இது டிமோலாலுக்கு ஈடில்லை என்பதும் அந்தக் கதையிலேயே இருக்கிறது, அதையும் சேர்த்துச் சொல்லும் டாக்டர் நல்ல டாக்டர். லேட்டனோப்ராஸ்ட்டோடு சேர்த்து ஒரே குப்பியில் கொடுத்தபோது இரண்டில் ஒன்றை மட்டும் கொடுத்ததைவிட நன்றாகவே குறைத்தது. அந்தக் கூட்டுச் சொட்டுக்கு 2019-இல் அனுமதி வந்தது.

நெட்டார்சுடில் எடுத்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கண் சிவந்தது. பெரும்பாலும் லேசான சிவப்புதான். என் வேலை இடத்திலிருந்து பார்த்தால் இந்த மாதிரிப் பக்கவிளைவுகளுக்கு இன்னொரு சங்கடம் உண்டு. யாருக்கு எந்த மருந்து என்று டாக்டருக்கும் தெரியாது, நோயாளிக்கும் தெரியாது. குப்பிகள் ஒரே மாதிரி இருக்கும். ஒன்று ஒரு வேளை மருந்து, மற்றது இரு வேளை மருந்து என்றால், முதலாவதுக்கு மருந்தில்லாத இன்னொரு குப்பியையும் கொடுத்து இரு வேளையாக்கிவிடுவார்கள். எல்லாம் சரி. ஆனால் டயலைத் திருப்புகிற டாக்டர் அந்தக் கண்ணைத்தானே பார்த்துக்கொண்டிருக்கிறார்? சிவந்த கண்ணைப் பார்த்தால் ஊகிக்க முடியாதா? நோயாளிகளும் லேசுப்பட்டவர்கள் இல்லை. சொட்டு விட்டதும் நாக்கில் கசந்தால், முன்பு டார்சோலமைடு விட்டவர் உடனே “இது அந்தக் குடும்பம்தான்” என்று சொல்லிவிடுவார். முகமூடி எப்போதும் முழுசாக நிற்பதில்லை. எண்ணைப் படிக்கத் தனி ஆள் வைப்பது அதற்குக் கடைசித் தடுப்பு.

ஒரு காலத்தில் ஒரு கண்ணில் மருந்து, மறு கண்ணை அப்படியே விட்டு ஒப்பிடலாம் என்று செய்து பார்த்தார்கள். கேட்க அழகான யோசனை, ஆள் ஒருவரே தனக்கு ஒப்பீடு. டிமோலால் அதைக் கெடுத்தது. ஒரு சொட்டில் கண்ணுக்குள் போவது கொஞ்சூண்டு; மிச்சம் கண்ணீர்க் குழாய் வழியாக மூக்குக்குப் போய் ரத்தத்தில் கலக்கிறது, அங்கிருந்து மறு கண்ணிலும் அழுத்தத்தைக் கொஞ்சம் இறக்கிவிடுகிறது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு டிமோலால் கூடாது என்பதும், நாடித்துடிப்பு குறையலாம் என்பதும் இதே பாதையில் வரும் ஆபத்துகள்தான். கண்ணில் விடுவதுதானே என்று மூச்சு நோயை டாக்டரிடம் சொல்லாமல் விடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சொட்டு விட்டதும் கண்ணை மூடி, மூக்கோரக் கண்முனையை இரண்டு நிமிடம் விரலால் அழுத்திக்கொண்டால் இந்தக் கசிவு குறையும். கசப்பும் குறையும்.

இன்றைக்கு அதிகம் எழுதிக்கொடுக்கப்படும் புரோஸ்டாகிளாண்டின் வகைச் சொட்டுகள் வந்த வழி இன்னும் விநோதம். உடம்பிலேயே உண்டாகும் புரோஸ்டாகிளாண்டின், கண்ணில் அழற்சியை உண்டாக்கி அழுத்தத்தை ஏற்றும் பொருள் என்றுதான் நினைத்திருந்தார்கள். லாஸ்லோ பிட்டோ, கார்ல் கேம்ராஸ் என்ற ஆய்வாளர்கள் 1977-இல் முயல்களின் கண்ணில் விட்டு, அழுத்தம் இறங்குகிறது என்று காட்டினார்கள். பிறகு அந்த மூலக்கூறைக் கண் எரிச்சல் குறையும்படி மாற்றி மாற்றி வந்ததுதான் லேட்டனோப்ராஸ்ட், 1996-இல் அமெரிக்க அனுமதி. வேடிக்கை என்னவென்றால், கடைசியில் வந்த லேட்டனோப்ராஸ்ட் முயல் கண்ணில் அவ்வளவாக வேலை செய்வதில்லை. இந்த வகை மருந்துகளால் சிலருக்குக் கண்ணின் நிறம் கருத்தது, இமைமுடி நீண்டு அடர்ந்தது. பக்கவிளைவு என்று படிவத்தில் எழுதிய அந்த இமைமுடியை வைத்தே, 2008-இல் இதே வகையைச் சேர்ந்த பிமாட்டோப்ராஸ்ட்டை இமைமுடி வளர்க்கும் மருந்தாகவும் விற்க அனுமதி வாங்கிவிட்டார்கள்.

சரி, இத்தனை கவனமாக அளந்த அந்த எண் இறங்கினால் பார்வை பிழைக்கிறதா? 1996-இலிருந்து உலகமே விட்டுக்கொண்டிருந்த லேட்டனோப்ராஸ்ட் பார்வைப் புலத்தைக் காப்பாற்றுகிறது என்று மருந்தில்லாச் சொட்டோடு நேரடியாக ஒப்பிட்டுக் காட்டிய ஆய்வு 2015-இல்தான் வெளியானது. பிரிட்டனில் 516 பேர், இரண்டு ஆண்டுகள். லேட்டனோப்ராஸ்ட் குழுவில் 15.2 சதவீதம் பேருக்கும், மருந்தில்லாச் சொட்டு எடுத்தவர்களில் 25.6 சதவீதம் பேருக்கும் பார்வைப் புலம் மோசமானது. மருந்தில்லாத குழுவிலும் அழுத்தம் சராசரியாக 0.9 மி.மீ. குறைந்திருந்தது. மேலே சொன்ன பரீட்சைக் கணக்கு இங்கே நிஜத்தில் வந்துவிட்டது. இந்த ஆய்வில் எனக்கு ஆறுதலும் இருக்கிறது, குறையும் இருக்கிறது. எண் பொய் சொல்லவில்லை என்பது ஆறுதல். நன்றாகக் குறைத்த குழுவிலும் ஏழு பேரில் ஒருவருக்கு நோய் நகர்ந்துகொண்டே இருந்தது என்பது குறை.

நரம்பை நேரடியாகக் காப்பாற்றும் மருந்து தேடாமல் இல்லை. மெமாண்டைன் என்ற மறதி நோய் மாத்திரையை வைத்து இரண்டு பெரிய ட்ரையல்கள், ஒவ்வொன்றும் நான்கு ஆண்டு. இரண்டும் தோற்றன. பார்வைப் புலத்தை அளவுகோலாக வைத்தால் ட்ரையல் இப்படி ஆண்டுகளை விழுங்கும், அந்தப் புலத்தை அளக்கும் ஃபீல்டு டெஸ்ட்டில் பொத்தானை அழுத்தும் நோயாளியின் சோர்வும் கணக்கில் கலக்கும். மூன்று மாதத்தில் பதில் சொல்லும் அழுத்தத்தின் பக்கமே எல்லோரும் சாய்வதில் ஆச்சரியம் இல்லை.

ட்ரையலில் அளக்கப்படுவது மருந்து. வீட்டில் நடப்பது வேறு. அளந்து கொடுத்த குப்பியை எடுத்து வர வேண்டும், யாரோ எடை போட்டுப் பார்ப்பார்கள் என்று தெரிந்தால் எல்லோரும் ஒழுங்காக விடுவார்கள். எப்போது சொட்டு விடப்பட்டது என்று தானே பதிந்துகொள்ளும் கருவியைக் கொடுத்துச் செய்த ஓர் ஆய்வில், நோயாளிகள் 95 சதவீதம் விட்டதாகச் சொன்னார்கள். கருவி 71 என்றது. டாக்டரைப் பார்க்கப் போவதற்கு முந்தைய நாட்களில் கணக்கு ஏறியிருந்தது. இதற்கு யாரையும் திட்ட எனக்கு மனசு வரவில்லை. வலிக்காத நோய்க்கு, விட்டால் எரியும் மருந்தை, நடுங்கும் விரல்களால், ஆயுள் முழுக்க விடச் சொல்கிறோம்.

உங்களை யாராவது இப்படி ஒரு ட்ரையலுக்கு அழைத்தால் பயப்படத் தேவையில்லை, ஆனால் வாயைத் திறந்து கேளுங்கள். எந்த மருந்தோடு ஒப்பிடுகிறார்கள், மருந்தில்லாத குப்பி என் கைக்கு வருமா என்று கேளுங்கள். வாஷ் அவுட் எத்தனை வாரம், நடுவில் எப்போது அளப்பீர்கள், எவ்வளவு ஏறினால் நிறுத்துவீர்கள் என்று எண்ணாகவே சொல்லச் சொல்லுங்கள். என் பார்வைப் புலத்தில் ஏற்கனவே எவ்வளவு போயிருக்கிறது என்று கேளுங்கள். அதைக் காட்டாமல் சேர்க்க நினைத்தால் எழுந்து வந்துவிடலாம். இரவில் கண் வலித்தால் யாரைக் கூப்பிடுவது, பாதிப்பு வந்தால் செலவு யாருடையது என்பது ஒப்புதல் படிவத்தில் இருக்கும். எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் விலகலாம், அதனால் உங்கள் வழக்கமான சிகிச்சை கெடக் கூடாது.

மறக்காமல் இன்னொன்றும் கேளுங்கள்: ட்ரையல் முடிந்ததும் என்ன? புதுச் சொட்டில் அழுத்தம் அருமையாக இறங்கிய ஒருவர், கடைசி நாளில் குப்பிகளைத் திருப்பிக் கொடுக்கும்போது “அப்ப நாளைக்கு நான் எதை விடுறது தம்பி?” என்று கேட்டார். அவருக்கு எந்த மருந்து கிடைத்தது என்பது எல்லோருடைய கணக்கும் பூட்டப்பட்ட பிறகுதான் தெரியும், அதற்கு மாதங்கள் ஆகும். மருந்துக்கு அனுமதி வர ஆண்டுகள்கூட ஆகலாம். அன்றைக்கு அவர் பழைய சொட்டுக்கே திரும்பிப் போனார். சில ட்ரையல்களில் முடிந்த பிறகும் அந்த மருந்தைத் தொடர்ந்து கொடுப்பார்கள், பலவற்றில் கொடுப்பதில்லை. இது கையெழுத்துப் போடும் முன் தெரிந்திருக்க வேண்டிய விஷயம், படிவத்தில் இல்லை என்றால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.